பேரிங் வாங்கும் முன் ராடை அளந்துவிடுங்கள்: ஜிப்ஸி 1300 இன்ஜினில் கனெக்டிங் ராட் வேலை

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் தட்டுகிறது என்று இன்ஜினை இறக்கினால் பல பட்டறைகளில் நடப்பது இதுதான். கிராங்க் கிரைண்டிங்குக்குப் போகும். தேய்த்து மெலிந்த கிராங்குக்கு ஏற்ற அண்டர்சைஸ் பேரிங் செட் வரும். கனெக்டிங் ராட் மட்டும் டீசலில் ஒரு முறை முங்கி எழுந்து, அப்படியே திரும்ப ஏறிவிடும். சில மாதத்தில் அதே சிலிண்டரில் அதே சத்தம் வரும்போது பழி பேரிங் கம்பெனி மேல் விழும், இல்லையென்றால் ஆயில் மேல் விழும். இரண்டு அரைவட்டத் தகடுகளாக வரும் ஷெல் பேரிங்குக்குச் சொந்த வடிவம் கிடையாது. ராடின் பிக் எண்ட் (கிராங்கைப் பிடிக்கும் பெரிய முனை) துளை எந்த வடிவமோ அதையேதான் அது எடுத்துக்கொள்ளும். துளை கோணலாக இருந்தால் புது ஷெல்லும் கோணலாகத்தான் உட்காரும். அதனால் அளவு எடுப்பதை ராடில் தொடங்க வேண்டும்.

இங்கே தரும் எண்கள் எல்லாம் மாருதி ஜிப்ஸி கிங்கில் வந்த 1298 சிசி, 8 வால்வ், கார்ப்பரேட்டர் இன்ஜினுக்கு உரியவை. வெளிநாடுகளில் சுசுகி சாமுராய் என்று ஓடிய வண்டியின் ஜி13 குடும்பத்து இன்ஜின்தான் இது. 16 வால்வ் எம்பிஎஃப்ஐ இன்ஜினுக்கு அதற்கான புத்தகத்தைப் பாருங்கள். வேறு வண்டியாக இருந்தால் எண்கள் மாறும், செய்முறை மாறாது.

தேவையான கருவிகள்: 25–50 மி.மீ. மைக்ரோமீட்டர் (0.001 வரை படிக்கக்கூடியது, 0.01 மட்டும் காட்டும் மைக்ரோமீட்டர் இந்த வேலைக்குப் போதாது), 35 மி.மீ.யில் தொடங்கும் போர் டயல் கேஜ், ஸ்டாண்டுடன் ஒரு டயல் கேஜ், ஃபீலர் கேஜ், பச்சை நிற பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை), 50 நியூட்டன் மீட்டருக்குள் நம்பகமாகப் படிக்கும் டார்க் ரெஞ்ச். லாரி வீல் நட்டு முறுக்கும் பெரிய டார்க் ரெஞ்சில் 35 நியூட்டன் மீட்டர் வைப்பது குத்துமதிப்பு வேலைதான்.

கழற்றும்போதே எடுக்க வேண்டிய அளவுகள்

ஹெட்டைத் தூக்கியதும் ராடைத் தொடாதீர்கள். முதலில் பிஸ்டன் உயரத்தைப் பாருங்கள். 1, 4 இரண்டும் ஒன்றாக மேலே வரும். 2, 3 ஒன்றாக வரும். ஒவ்வொன்றையும் உச்சியில் நிறுத்தி, பிளாக் மட்டத்திலிருந்து பிஸ்டன் தலை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று டயல் கேஜில் எடுங்கள். இந்த பிளாக் அலுமினியம், கேஜின் காந்தக் கால் ஒட்டாது. ஹெட் போல்ட் துளையில் ஓர் இரும்புப் பட்டையை இறுக்கி அதன்மேல் காந்தத்தை வையுங்கள். பிஸ்டன் ஆடும் என்பதால் டயல் முனை, பிஸ்டனை ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின்னின் கோட்டுக்கு நேர் மேலே நிற்கட்டும். ஓரத்தில் வைத்தால் தவறான அளவு வரும்.

ஒரு பிஸ்டன் மட்டும் மற்றவற்றைவிட 0.15 மி.மீ. அளவுக்குத் தாழ்ந்திருந்தாலே அந்த ராடைச் சந்தேகப்படுங்கள். ஆற்றைக் கடக்கும்போது ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் குடித்த ஜிப்ஸிகளில் இது அடிக்கடி கிடைக்கும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் மேலே வர இடமில்லை, ராட் வளைகிறது. அதன்பிறகும் வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடும். வளைந்தது வெளியே தெரிய நாளாகும்.

அடுத்து சைடு கிளியரன்ஸ். ராடை ஒரு பக்கம் தள்ளி, பிக் எண்டுக்கும் கிராங்கின் வெப் (பக்கச் சுவர்) முகத்துக்கும் இடையே ஃபீலர் கேஜ் விடுங்கள். இருக்க வேண்டியது 0.10–0.20 மி.மீ., எல்லை 0.35. தாண்டியிருந்தால் தேய்ந்தது ராடின் பக்கமா கிராங்கின் முகமா என்று பார்த்து அதை மாற்ற வேண்டும். பேரிங் மாற்றினால் இது குறையாது.

பிக் எண்டின் கீழ்ப்பாதியான கேப்பைக் கழற்றும் முன் ராடிலும் கேப்பிலும் சிலிண்டர் எண் இருக்கிறதா, இரண்டும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெயிண்ட் மார்க்கரில் எழுதுங்கள். உளியால் கொத்த வேண்டாம். ராடில் விழும் கீறல்தான் பின்னாளில் வெடிப்பு தொடங்கும் இடம். கேப்பை ராடோடு சேர்த்து இறுக்கி வைத்துத்தான் தொழிற்சாலையில் துளை போட்டிருக்கிறார்கள். அதனால் 2-ன் கேப் 3-க்குப் பொருந்தவே பொருந்தாது. அதே கேப்பையே திருப்பிப் போட்டாலும் வட்டம் கெட்டுவிடும்.

சிலிண்டர் மேல்விளிம்பில் கார்பன் மேடு இருந்தால் அதை எடுத்த பிறகே பிஸ்டனைத் தள்ளுங்கள். கேப் வந்ததும், ராட் போல்ட் இரண்டின் மேலும் ஒரு விரல் நீளத்துக்கு பெட்ரோல் டியூப் துண்டு செருகிவிடுங்கள். போல்ட் நுனி கிராங்க் பின்னில் (பிக் எண்ட் பிடித்திருக்கும் கிராங்கின் உருளைப் பகுதி) ஒரு முறை உரசினால் போதும், பாலிஷ் போய்விடும்.

பழைய ஷெல் சொல்வதைப் படியுங்கள்

பழைய ஷெல்களைக் குப்பையில் போடாமல், எடுத்த வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி வையுங்கள். எந்த ராடில் என்ன கோளாறு என்று பாதி இங்கேயே தெரிந்துவிடும்.

மேல் ஷெல்லில் ஒரு விளிம்பும், கீழ் ஷெல்லில் அதற்கு எதிர் விளிம்பும் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கிறது. அதே சிலிண்டர் பிஸ்டனின் ஸ்கர்ட்டைப் பார்த்தால் தேய்மானம் நேராக இல்லாமல் குறுக்காகப் போயிருக்கும். இரண்டு ஷெல்லிலும் ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் கிராங்க் பின்னில் டேப்பர், அதாவது ஓர் ஓரம் மற்றதைவிட ஒல்லி. ராடும் கேப்பும் சேரும் பிரிகோட்டுக்கு அருகே, எதிரெதிர் மூலைகளில் மட்டும் தேய்ந்திருந்தால் கேப் நகர்ந்திருக்கிறது அல்லது மாறியிருக்கிறது. தேய்மானம் பரவலாக, செம்பு தெரியும் அளவுக்கு இருந்தால் ஆயில் பற்றாக்குறை அல்லது நெடுநாள் ஓட்டம்.

ஷெல்லின் முதுகைப் பார்க்க மறக்காதீர்கள். நன்றாக ஒட்டியிருந்த ஷெல்லின் முதுகு மங்கலான சாம்பல் நிறத்தில் சீராக இருக்கும். நடுவில் காபி நிறத்தில் ஒரு கறை இருந்தால், அந்த இடம் ராடைத் தொடவே இல்லை, இடுக்கில் ஆயில் புகுந்து வெந்திருக்கிறது. முதுகு கண்ணாடிபோல் பளபளத்தால் ஷெல் உள்ளே அசைந்திருக்கிறது, அதாவது பிடிப்பு போய்விட்டது. இந்த இரண்டில் எது இருந்தாலும் அந்த ராடின் துளையை அளக்காமல் மேலே போகாதீர்கள்.

கிராங்க் பின்

மைக்ரோமீட்டரும் கிராங்கும் ஒரே நிழலில், ஒரே சூட்டில் சில மணி நேரம் கிடக்கட்டும். 42 மி.மீ. இரும்பு 15 டிகிரி சூடானால் சுமார் 0.007 மி.மீ. பெருக்கும். பின்னுக்கும் ஷெல்லுக்கும் நடுவே நாம் தேடும் இடைவெளியே 0.020-ல் தொடங்குகிறது. வெயிலில் கிடந்த கிராங்கைக் கொண்டுவந்த கையோடு அளந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது.

ஒவ்வொரு பின்னிலும் நான்கு அளவு: முன் ஓரத்தில் நெட்டாக, குறுக்காக, பின் ஓரத்தில் நெட்டாக, குறுக்காக. ஆயில் துளை மேலும் ஓரத்து வளைவின் மேலும் மைக்ரோமீட்டர் உட்காரக் கூடாது. நெட்டுக்கும் குறுக்குக்கும் உள்ள வித்தியாசம் ஓவாலிட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ளது டேப்பர். இரண்டுக்கும் எல்லை 0.01 மி.மீ. ஸ்டாண்டர்ட் பின் 41.982 முதல் 42.000 வரை. எல்லை தாண்டினால் 0.25 அண்டர்சைஸுக்கு, அதாவது பட்டறைப் பேச்சில் பத்து தௌ (ஆயிரத்தில் பத்து அங்குலம்), கிரைண்ட் செய்ய வேண்டும். அப்போது பின் 41.732 முதல் 41.750-க்குள் வர வேண்டும்.

கிரைண்டிங் கடைக்கு வெறும் "பத்து தௌ" என்று சொல்லி அனுப்பாதீர்கள். மி.மீ. அளவை எழுதிக் கொடுங்கள். ஓரத்து வளைவை அப்படியே விடச் சொல்லுங்கள். அதைச் சதுரமாக வெட்டிவிட்டால் கிராங்க் உடைவது அந்த மூலையில்தான். ஆயில் துளை வாய் கூராக இல்லாமல் மழுங்கியிருக்க வேண்டும். வந்ததும் துளைகளுக்குள் கம்பி பிரஷ் விட்டு, மண்ணெண்ணெய் பீய்ச்சி, காற்றடியுங்கள். உள்ளே தங்கும் கல் தூள் முதல் பத்து நிமிஷத்திலேயே புது ஷெல்லைக் கீறிவிடும்.

பிக் எண்ட் துளை

ராடையும் கேப்பையும் சுத்தமாகத் துடைத்து, ஷெல் இல்லாமல், கேப்பை மாட்டி, நட்டுகளை முழு டார்க்குக்கு இறுக்குங்கள்: 33–37 நியூட்டன் மீட்டர், அதாவது சுமார் 3.5 கிலோகிராம்-மீட்டர். இறுக்கும்போது ராடை வைஸில் மென்மையான தாடை வைத்து, பிக் எண்டுக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். பிஸ்டன் பக்கத்துச் சிறு முனையான ஸ்மால் எண்டைப் பிடித்துக்கொண்டு முறுக்கினால் நீங்களே ராடைத் திருகிவிடுவீர்கள்.

இப்போது போர் கேஜை மூன்று திசையில் விடுங்கள்: ராடின் நீளவாக்கில் ஒன்று, பிரிகோட்டிலிருந்து சற்று மேலாகவும் கீழாகவும் தள்ளிச் சாய்வாக இரண்டு. இதையே துளையின் முன் வாயிலும் பின் வாயிலும் செய்யுங்கள். நீளவாக்கு அளவு பெரிதாக இருந்தால் துளை இழுபட்டிருக்கிறது. அதிக வேகத்தில் ஓட்டிய இன்ஜினில் இதுதான் வழக்கம். சாய்வு அளவு இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் கேப் ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது. 0.02 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த ராடை அப்படியே மாட்டுவதில் அர்த்தமில்லை. ராட் மாற்ற வேண்டும், அல்லது நல்ல மெஷின் ஷாப்பில் கேப், ராட் இரண்டின் சேரும் முகங்களையும் மெல்லக் கிரைண்ட் செய்து, கேப்பை டார்க்கில் இறுக்கி, பழைய அளவுக்கே ஹோன் போட வேண்டும்.

இங்கேதான் குறுக்கு வழிகள் நுழைகின்றன. ஒன்று, கேப்பை அரத்தால் ராவுவது. இன்னொன்று, ஷெல்லுக்குப் பின்னால் சிகரெட் பெட்டித் தாளோ தகடோ வைப்பது. இரண்டுமே இன்ஜினைக் கெடுப்பவை. ஏன் என்று தெரிந்துகொண்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

ஒவ்வொரு ஷெல்லும் அரைவட்டத்தைவிட ஒரு துளி அதிக நீளம். கேப்பை இறுக்கும்போது இரண்டு ஷெல்லின் நுனிகளும் ஒன்றையொன்று நெருக்கி, முதுகை ராடோடு அழுத்துகின்றன. ஷெல் சுழலாமல் பிடிப்பது இந்த நெருக்கம்தான்; காதுபோல் மடிந்திருக்கும் சிறு நாக்கு மாட்டும்போது இடம் காட்டுவதற்கு மட்டும். கேப்பில் 0.05 மி.மீ. ராவிவிட்டால் நீளவாக்கில் 0.05 குறைகிறது, குறுக்குவாக்கில் எதுவும் குறைவதில்லை. நெருக்கம் மட்டும் மிகுந்து, ஷெல் நுனிகள் பிரிகோட்டில் உள்பக்கம் புடைத்து, ஆயில் படலத்தைச் சுரண்டி எடுத்துவிடும். பிளாஸ்டிகேஜ் போட்டுப் பார்த்தால் கேப்பின் நடுவில் அழகாக 0.03 காட்டும். புடைப்பு அதன் கண்ணில் படாது. ராவியவர் வேலை சரியென்று நினைத்துக்கொள்வார். தாள் வைத்தால் கதை வேறு: ஷெல்லின் சூடு ராடுக்கு இறங்காது, தாள் கருகி மெலியும், நெருக்கம் போகும், ஷெல் சுழலும்.

வளைவும் திருகலும்

ராட் அலைனர் இருக்கும் மெஷின் ஷாப்பில் கொடுத்தால் இது சின்ன வேலை. இல்லையென்றால் சர்ஃபேஸ் பிளேட்டில் நீங்களே பார்க்கலாம். பிக் எண்டில் ஆட்டமில்லாமல் பொருந்தும் மாண்ட்ரலும் (உருளைத் தண்டு), ஸ்மால் எண்டில் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் நீள பின்னும் கடைந்துகொள்ளுங்கள். பிக் எண்ட் மாண்ட்ரலை இரண்டு வி பிளாக்கில் வைத்து ராடை நட்டுக்குத்தாக நிறுத்தி, மேல் பின்னின் இரு நுனி உயரத்தையும் டயலில் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அது வளைவு. ராடைக் கிடையாகப் படுக்கவைத்து மறுபடி இரு நுனியையும் பாருங்கள்; அப்போது வருவது திருகல். 100 மி.மீ. இடைவெளியில் வளைவு 0.05, திருகல் 0.10 மி.மீ. வரைதான் அனுமதி. பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருகிறோம் என்பார்கள். தண்ணீர் குடித்து வளைந்த ராடை நிமிர்த்திப் போடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம், மாற்றுவதே சரி.

ஸ்மால் எண்ட் சுருக்கமாக: பிஸ்டன் பின் 16.995–17.000, துளை 17.003–17.011, இடைவெளி 0.003–0.016, எல்லை 0.05 மி.மீ. எண்ணெய் தடவியதும் பிஸ்டன் பின் கட்டைவிரல் அழுத்தத்தில் வழுக்கிப் போக வேண்டும், தானாக விழக் கூடாது. எல்லை தாண்டினால் ராட் மாற்ற வேண்டும்.

புது ராடு ஒன்று சேர்த்தால் நான்கையும் எடை போடுங்கள். நகை எடை போடும் சின்ன எலக்ட்ரானிக் தராசு போதும். இரண்டு மூன்று கிராமுக்குள் நிற்கட்டும்.

ராட் போல்டில் நட்டை விரலால் சுற்றுங்கள். மரை முழுதும் விரலாலேயே ஓட வேண்டும். நடுவில் ஓரிடத்தில் இறுகினால் அந்த போல்ட் இழுபட்டு மெலிந்திருக்கிறது. டேப் விட்டுச் சரிசெய்ய நினைக்காதீர்கள், போல்டும் நட்டும் மாற்றுங்கள்.

ஷெல்லும் ஆயில் இடைவெளியும்

கிராங்க் ஸ்டாண்டர்டாக இருந்தால் ஸ்டாண்டர்ட் ஷெல், கிரைண்ட் ஆகியிருந்தால் 0.25. அட்டைப் பெட்டியை நம்பாமல் ஷெல்லின் முதுகில் பொறித்த அளவைப் படியுங்கள். பெட்டி மாறிய செட் கடையில் சாதாரணமாக வரும்.

ஷெல் முதுகும், அது உட்காரும் இடமும் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். அங்கே ஆயில் ஒரு சொட்டும் கூடாது. முடி அளவு அழுக்கு முதுகில் சிக்கினாலும் உள்முகத்தில் அந்த இடம் மேடாகித் தேயும். மேல் ஷெல்லின் துளை ராடின் ஆயில் துளைக்கு நேராக வருகிறதா பாருங்கள். ஷெல்லை உள்ளே வைத்ததும் டக்கென்று தானாகப் பிடித்து நிற்க வேண்டும். தளர்ந்து விழுந்தால் அந்த ஷெல் வேண்டாம்.

இடைவெளியை அளக்கச் சிறந்த வழி இது. மைக்ரோமீட்டரை அந்தக் கிராங்க் பின்னின் அளவுக்கே வைத்துப் பூட்டுங்கள். அதன் தாடைகளுக்கு நடுவே போர் கேஜை விட்டு முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஷெல் மாட்டி, டார்க்கில் இறுக்கிய ராடுக்குள் கேஜை நீளவாக்கில் விடுங்கள். முள் காட்டுவதே ஆயில் இடைவெளி. கூட்டல் கழித்தல் எதுவும் வேண்டாம். பின் 41.990, ஷெல் உள்விட்டம் 42.028 என்றால் முள் 0.038-ல் நிற்கும். பிரிகோட்டுக்கு அருகே அளக்காதீர்கள். அங்கே ஷெல்லை வேண்டுமென்றே மெலிதாக்கியிருப்பார்கள், எண் பெரிதாக வரும்.

இருக்க வேண்டியது 0.020–0.050 மி.மீ., எல்லை 0.080. இந்த 0.080 ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினைப் பிரித்துப் பார்த்து முடிவெடுப்பதற்கான எண். இன்ஜினை முழுதாகப் பிரித்துச் செலவழித்த பிறகு 0.065-ஐ "லிமிட்டுக்குள்தானே" என்று மாட்டுவது அநியாயம். எங்கே கூடியிருக்கிறது, பின்னிலா துளையிலா என்று திரும்பிப் பாருங்கள்.

போர் கேஜ் இல்லாதவர்களுக்கு பிளாஸ்டிகேஜ். பச்சை இழை 0.025 முதல் 0.076 வரை படிக்கும். பின்னையும் ஷெல்லையும் எண்ணெயில்லாமல் துடைத்து, இழையைப் பின்னின் நீளவாக்கில், ஆயில் துளையைத் தவிர்த்து வைத்து, கேப்பை முழு டார்க்கில் இறுக்கிக் கழற்றுங்கள். இடையில் கிராங்க் ஒரு நூல்கூடத் திரும்பக் கூடாது. நசுங்கிய அகலத்தை உறையின் அளவுகோலோடு ஒப்பிடுங்கள். ஒரு நுனி அகலமாகவும் மறுநுனி ஒல்லியாகவும் இருந்தால் டேப்பர். முடிந்ததும் இழையை நகத்தால் சுரண்டாமல் எண்ணெய்த் துணியால் துடைத்தெடுங்கள்.

மாட்டுவது

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி கிராங்க் புல்லி பக்கம்; ராடின் ஆயில் துளை இன்டேக் மேனிஃபோல்ட் பக்கம். பிஸ்டன் பின் மாட்டும்போதே இந்தச் சேர்க்கையைச் சரிபார்த்துவிடுங்கள். பின் மாட்டிய பிறகு தவறு தெரிந்தால் மறுபடி பிரிக்க வேண்டும். பிஸ்டன் பின் வெளியே வராமல் தடுக்கும் சர்க்ளிப் எப்போதும் புதிது; காடியில் முழுதாக இறங்கியதா என்று சிறு ஸ்க்ரூடிரைவரால் சுற்றிப் பாருங்கள்.

ரிங் வாய்களை ஒன்றுக்கொன்று தள்ளி வைத்து, சிலிண்டர் சுவர், ரிங், ஷெல்லின் உள்முகம், கிராங்க் பின் எல்லாவற்றிலும் இன்ஜின் ஆயில் தடவுங்கள். போல்ட் மேல் டியூப் துண்டு இருக்கட்டும். ரிங் கம்ப்ரஸரை பிளாக்கோடு ஒட்டி வைத்து, சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டி இறக்குங்கள். எங்காவது நின்றால் ஓங்கி அடிக்காதீர்கள்; ஒரு ரிங் வெளியே வந்திருக்கும்.

கேப்பின் அம்புக்குறியும் புல்லி பக்கம் பார்க்க வேண்டும். மரையில் துளி ஆயில் விட்டு, இரண்டு நட்டையும் மாறி மாறி 15, 25, 35 நியூட்டன் மீட்டர் என்று மூன்று தவணையில் ஏற்றுங்கள். ஏர் கன் வேண்டாம்.

ஒவ்வொரு கேப் இறுக்கியதும் கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். நான்கையும் மாட்டிவிட்டுச் சுற்றினால், இறுகும்போது எது என்று தேட வேண்டியிருக்கும். ரிங் உரசல் சீராக இருக்கும். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் கடைசியாக மாட்டியதை உடனே கழற்றுங்கள். பெரும்பாலும் கேப் திரும்பியிருக்கும் அல்லது ஷெல் நாக்கு காடியில் இறங்காமல் நசுங்கியிருக்கும். கடைசியாக சைடு கிளியரன்ஸை மறுபடி ஃபீலர் கேஜில் எடுத்து எழுதிவையுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்டரால் சுற்றுங்கள். ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். ஓடிச் சூடேறியதும் பிரஷர் ஸ்விட்ச் இடத்தில் கேஜ் போட்டுப் பாருங்கள். 3000 ஆர்பிஎம்மில் 3.0 முதல் 4.2 கிலோ/செ.மீ.² நிற்க வேண்டும். முதல் 500 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டி, தாளின் மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். ரிங் தேய்ந்து வரும் மெல்லிய சாம்பல் தூள் இயல்பு, அதில் பயமில்லை. மடிப்பில் செம்பு நிறமோ, செதில் செதிலாக வெள்ளி நிறமோ மின்னினால் வண்டியை அன்றே நிறுத்தி, சம்ப்பை இறக்கி, கேப்களைக் கழற்றிப் பாருங்கள்.